வந்தியின் பங்கு

(குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவு)

சிவமயம்



குடமுழுக்கு என்னும் பெயரே நீரைச் சுட்டி நிற்பது. வேள்விச் சாலையில் வைத்துப் போற்றப்பெற்ற குடங்களின் நீர் விமானத்து உச்சிக் கலசத்தில் சொரியப்படுகின்றது. அந்நீரின் திவலைகள் கீழே கூடி நிற்கும் மக்கள்மேல் வீழ்கின்றன. இன்னார்மேல் வீழ்க, இன்னார்மேல் வீழற்க என்று அத்திவலைகளுக்கு வரம்பு கட்டுவார் ஒருவருமில்லை. பெரும்பொருள் கொடுத்தவர் மேலும், ஒரு செங்கல் சுமந்தவர் மேலும், ஒன்றும் கொடுக்க இயலாது கைகூப்பி நின்றவர் மேலும் அவை ஒருங்கே வீழ்கின்றன. வானம் பார்த்த பூமியாகிய இத்தருமபுரி மண்ணில் நீரைக் கொண்டாடும் இவ்விழா நிகழும்பொழுது, நீரைப் பற்றிய ஒரு பெருங்கேள்வியை எண்ணிப் பார்த்தல் பொருத்தமேயாகும்.

அக்கேள்வி யாதெனின், ஊர் முழுவதையும் பற்றிய ஒரு பெருந்துன்பம் வந்துழி, அதனை ஒவ்வொருவரும் தத்தம் அளவில் திருந்தி நீக்கிக் கொள்ளுதல் கூடுமா, அன்றி ஊரும் நாடும் ஒருங்கு சேர்ந்தே நீக்குதல் வேண்டுமா என்பதாம். ஒருவன் தன் வீட்டைச் செம்மை செய்து கொள்வானாயின் ஊர் தானே செம்மையுறும் என்பார் ஒரு சாரார். அரசும் அவையும் செய்ய வேண்டுவதைத் தனியொருவன் செய்து ஆவதென்ன என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் மெய்ம்மை உண்டு. எனினும் இரண்டும் முழு மெய்ம்மை அல்ல.

சைவப் பெருமக்களின் வரலாறுகளில் நீரறம் செய்தார் பலர் உளர். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணாற் கண்டறியாத திருநாவுக்கரசரின் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அவ்வழிச் சென்றார் யாவரும் தாகம் தீர்ந்தனர். அஃது ஒரு குடும்பத்தார் தம் அன்பினாலும் பொருளாலும் முற்றச் செய்து முடிக்கத்தக்க அறம். அண்டை வீட்டார் துணை செய்யாவிடினும் பந்தல் பந்தலே. அதன் நீர் குளிர்ந்த நீரே. இதனைப் பந்தலறம் என்று கூறலாம்.

ஆற்றுக்குக் கரை கட்டுதலோ அத்தகையதன்று. நூறு பேர் தத்தம் பங்கினை அடைத்து, ஒருவர் பங்கு மட்டும் திறந்து கிடப்பினும் வெள்ளம் அவ்வொரு வாயிலாகப் புகுந்து அந்நூறு பேர் வீட்டையும் அழித்துவிடும். ஆண்டு ஒருவன் தன் வீட்டு வாயிலில் மட்டும் மண்மேடு இட்டுக் கொள்ளுதல் பயன் தாராது. இதனைக் கரையறம் எனலாம். பந்தலறத்தையும் கரையறத்தையும் வேறு பிரித்து அறியாமையே பல பிழைகளுக்கு மூலமாகின்றது. பந்தல் வைப்பதற்கு அரசாணையை எதிர்நோக்கிக் காத்திருப்பதும் பிழை. கரை உடைந்த காலத்துத் தன் வீட்டு வாயிலை மட்டும் காத்தல் அதனினும் பெரும்பிழை.

இனி, இம்மாவட்டத்து நீரின் இயல்பை நோக்குவோமாக. காவிரி ஒகேனக்கலில் பாறைகளைப் பிளந்து வீழ்கின்றது. ஆயினும் ஆறு தாழ்வில் ஓட, ஊர்கள் மேட்டு நிலத்தில் அமைந்தன. ஆதலின் நெடுங்காலம் இம்மக்களின் தாகத்தைத் தீர்த்தவை ஏரியும் குளமும் கிணறுமே. மழை குறைந்தும் ஏரிகள் தூர்ந்தும் போன காலத்து, மக்கள் பாறையைத் துளைத்து ஆழத்து நீரை எடுக்கலாயினர். இப்பகுதியின் பாறைகளில் புளோரைடு என்னும் பொருள் அடங்கிய கனிமங்கள் உள்ளன. பாறையிடுக்கில் நெடுநாள் தங்கிய நீரில் அப்பொருள் கரைந்து விடுகின்றது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1 மில்லிகிராம் அளவினுள் இருத்தல் நன்று என்பதும், வேறு நீர் கிட்டாவிடத்தும் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படல் ஆகாது என்பதும் இந்திய நாட்டுத் தர வரம்பு. இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இவ்வரம்பைக் கடந்தது என்பது யாவரும் அறிந்த செய்தி.

இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. பளிங்கு போலத் தெளிந்து, நாவுக்கு இனிதாகவே இருக்கும். துணியால் வடிகட்டினும் போகாது. காய்ச்சினால் நோய்க் கிருமிகள் அழியுமேயன்றிப் புளோரைடு அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுதலே உண்டு. குழந்தைகளுக்குப் பற்கள் உருவாகும் பருவத்தில் இந்நீர் உட்சென்றால், முளைக்கும் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்பு நிறக் கோடுகளும் தோன்றுகின்றன. பின்னர் எத்துணைத் துலக்கினும் அக்கறை நீங்குவதில்லை. பல்லாண்டு பருகியவர்க்கோ எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளையாது விறைத்து விடுகின்றது. இறுகிய எலும்பை மீட்டும் பழைய நிலைக்குக் கொணர மருந்தில்லை. வருமுன் காத்தலே வழி. இந்திய நாட்டில் இந்நோய் மருத்துவர்களால் முதன்முதல் எடுத்துரைக்கப்பட்டது 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலாம்.

இத்துன்பத்தின் கொடுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகைக்கும் பருவத்துப் பெண்மகள் ஒருத்தி, நகை வந்தவுடன் கையால் வாயை மறைக்கின்றாள். கொடிமரத்தின் முன் நிலமுற வீழ்ந்து வணங்க விழையும் முதியவர், முதுகு வளையாமையால் நின்றவாறே கண்ணீர் உகுக்கின்றார். இவர்கள் செய்த குற்றம் யாது? தம் ஊர்க் கிணற்று நீரைப் பருகியதொன்றே. வினைப்பயன் என்று கூறி இதனைக் கடந்து செல்லுதல் சைவமாகாது. பிறர் துன்பம் தீர்க்கும் வாய்ப்பு ஒருவன் முன்வந்து நிற்கையில், அதனைத் தவறவிடுதலும் அவனுக்கு ஒரு வினையேயாகும்.

இந்நிலையில் தனித்தனியே மக்கள் செய்துகொள்ளும் வழிகள் சில உள. பொருளுடையார் வீட்டில் நீரைத் தூய்மை செய்யும் இயந்திரம் அமைத்துக் கொள்கின்றனர். வேறு சிலர் 'கேன்' நீரை விலைக்கு வாங்குகின்றனர். இவை குற்றமல்ல. தன் குழவியைக் காத்தல் தாய்தந்தையர்க்கு முதற்கடமை. ஆயினும் இதன்பின் நிகழ்வது ஒன்றுண்டு. ஊரில் வாய்திறந்து பேசவல்லார், மனு எழுதத் தெரிந்தார், அலுவலகப் படியேறும் துணிவுடையார் ஆகியோர் தத்தம் வீட்டு நீரைச் சீர்செய்து கொண்டவுடன், பொதுக் குழாயைப் பற்றிய கவலை அவர் நெஞ்சினின்றும் நீங்கி விடுகின்றது. எஞ்சியோர் கூலிக்குச் சென்று மீள்பவர். அவர்தம் குரல் அம்பலம் ஏறுவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக் கொண்டதனாலேயே ஊர் காவலற்றுப் போகின்றது.

ஆழ்துளைக் கிணற்றின் கதையும் இதனை ஒப்பதே. ஒருவர் தம் நிலத்தில் முந்நூறு அடி துளைக்கின்றார். அண்டை நிலத்தார் கிணறு வற்றுகின்றது. அவர் ஐந்நூறு அடி துளைக்கின்றார். ஒவ்வொருவர் செயலும் அவரவர்க்கு நேர்மையானதே. பயிர் வாடுவதைக் கண்டு வாளாவிருக்கும் உழவர் யாண்டும் இலர். எனினும் அனைவர் செயலும் கூடியவிடத்து அனைவர்க்கும் கேடு விளைகின்றது. நீர் ஆழத்திற்குப் போகின்றது, கடன் பெருகுகின்றது, பாறையின் நஞ்சும் உடன் ஏறுகின்றது. இதில் தீயவர் என்று சுட்டிக் காட்டத்தக்கார் ஒருவரும் இலர். தீயவர் இல்லாமலேயே தீமை விளையும் இவ்விடம் கரையறத்திற்கு உரிய இடமாகும்.

இதனை உணர்ந்தே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டமும் ஒன்றாக வகுக்கப்பட்டன. சப்பானிய நாட்டுக் கூட்டுறவு முகவாண்மையின் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,928 கோடி உரூபாய் மதிப்பில் அமைந்த அத்திட்டத்திற்கு 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2013-ஆம் ஆண்டு மே திங்களில் அது நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. அந்நாளில் நகராட்சிகளாயிருந்த தருமபுரி, கிருட்டிணகிரி, ஓசூர் ஆகியவற்றுக்கும், இரு மாவட்டங்களின் பேரூர்களுக்கும், ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்கும் காவிரி நீரை மேடேற்றிக் கொண்டு செல்லும் பெருமுயற்சி அது. எத்துணைச் செல்வரும் தனித்து நின்று காவிரியைத் தம் வீட்டுக்கு ஏற்றிக் கொள்ளல் ஆகாது. பல இலட்சம் மக்களின் வரிப்பொருளும், கடனும், அறிஞர் பலரின் உழைப்பும் ஒருங்கு கூடியவிடத்தே அது கைகூடியது. அரசு மாறியும் பணி தொடர்ந்தமை அதன் மற்றொரு சிறப்பு. கரையறத்தின் ஆற்றலுக்கு இதனினும் விளக்கமான சான்று இம்மாவட்டத்தில் வேறில்லை.

அங்ஙனமாயின், குழாய் வந்தவுடன் தனியொருவர் கடமை முடிந்ததோ எனின், முடியவில்லை. இதனைத் தெளிவிப்பது மதுரையில் நிகழ்ந்த திருவிளையாடல். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலம் அறுபத்தோராவதாகும். வைகையில் வெள்ளம் பெருகிற்று. பாண்டியன் கரையை அளந்து, ஊரார் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு வகுத்தான். பிட்டு விற்று உயிர் வாழும் வந்தி என்னும் முதியவட்கும் ஒரு பங்கு வந்தது. மகனில்லை, கூலியாளுமில்லை. அவள் சொக்கநாதனை நினைந்து கலங்கினாள். பெருமான் கூலியாளாய்க் கூடை சுமந்து வந்தார். பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டார், ஆடினார், பாடினார், உறங்கினார். வந்தியின் பங்கு அடைபடாது கிடந்தது. சினந்த மன்னன் பிரம்பால் அடித்தான். அவ்வடி மன்னன் முதுகிலும் பட்டது. அரசியர் முதுகிலும் பட்டது. உலகத்து உயிர்கள் அனைத்தின் மேலும் பட்டது. பெருமான் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தருளினார், கரை உயர்ந்தது.

இவ்வரலாற்றில் உணரத்தக்கன மூன்று உள.

முதலாவது, பெருமான் வந்தியின் பங்கைத் தள்ளிவிடவில்லை. ஏழை என்பதற்காக அவள் பங்கு இல்லை என்று கூறியிருப்பின், அஃது அவளை ஊரினின்றும் விலக்கியதாகவே முடியும். பங்கு உள்ளவர்க்கே ஊரில் உரிமையும் உண்டு. அவள் கொடுத்ததோ பிட்டு. அஃது அவளால் இயன்றது. இயன்றதைக் கொடுத்தமையின் அவள் பங்கு நிறைந்தது. ஆகலின் கரையறத்தில் ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு. அப்பங்கின் அளவு மட்டும் அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப வேறுபடும்.

இரண்டாவது, பாண்டியன் ஆணை நல்லாணையே. எனினும் அது கண்ணில்லாத ஆணை. காளையர் பலர் நிறைந்த வீட்டுக்கும் தனித்து வாழும் முதியவட்கும் ஒரே தன்மையில் பங்கு வகுத்தது அது. பின்னர்ப் பிரம்பையும் எடுத்தது. கூட்டு முயற்சி என்னும் பெயரால் மெலியார்மேல் சுமை ஏற்றுதல் அறமாகாது. பெருமான் வந்தியின் பக்கம் நின்றார் என்பதனை ஆள்வோர் மறத்தல் கூடாது.

மூன்றாவது, ஒருவர்மேல் பட்ட அடி எல்லார்மேலும் பட்டது என்பதாம். இதனை வியப்புச் செய்தியாக மட்டும் கொள்வார் பலர். அஃது உலகியலின் உண்மையுமாகும். கடைத்தெருவில் நோயுறும் குழவியின் துன்பம் என்றேனும் ஒருநாள் மாடமாளிகையின் முதுகிலும் படும். மேலைநாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. இலண்டன் மாநகரில் தேம்சு ஆறு சாக்கடையாகி, ஏழை மக்கள் வாந்திபேதியால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதற்கு உரிய பெரும்பணி நெடுநாள் நடைபெறவில்லை. 1858-ஆம் ஆண்டு வேனிலில் அவ்வாற்றின் நாற்றம் பாராளுமன்ற மாளிகைக்குள் புகுந்து உறுப்பினர்களை மூக்கைப் பொத்தச் செய்தது. அதன் பின்னரே ஜோசப் பேசல்ஜெட் என்னும் பொறியாளரிடம் மாநகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் கால்வாய்ப் பணி விரைந்து ஒப்புவிக்கப்பட்டது. பிரம்பு தம் முதுகில் பட்ட பின்னரே பெரியோர் விழித்தனர். பிறர் முதுகில் படும்பொழுதே விழித்தல் சிவநேயச் செல்வர்க்கு அழகு.

அதே 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. ஏரிக்கரை உடையும் இடர்க்காலத்தில் ஊராரை உழைப்புக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்விக்கவும் அது வழி வகுத்தது. சட்டம் இருந்தும் குடிமராமத்து நாளடைவில் தேய்ந்தது. தத்தம் கிணற்றை நம்பியவர்க்கு ஏரியின் கவலை எங்ஙனம் உண்டாகும்? உள்ளத்தில் பங்குணர்ச்சி வற்றிய பின் பிரம்பும் சட்டமும் என் செய்யும்? 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியதன் கருத்து, இழந்த அவ்வுணர்ச்சியை மீட்டல் என்றே கொள்ளத்தகும். இதற்கு முன்னரே 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேமிப்பு ஒவ்வொரு கட்டடத்திற்கும் கட்டாயமாக்கப்பட்டது. தனியொருவர் செயலும் பொதுச் சட்டமும் கைகோத்து நிற்பதற்கு அஃது ஏற்ற எடுத்துக்காட்டு. ஒரு வீட்டுக் கூரை நீர் மண்ணுக்குள் இறங்கினால் பயன் சிறிது. ஊரின் கூரைகள் அனைத்தின் நீரும் இறங்கினால் நிலத்தடி நீர் உயரும். பாறையின் நஞ்சும் நீர்த்துப் போகும்.

ஒகேனக்கல் நீரும் அத்தகையதே. காவிரி நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலப்பின், பெரும்பொருள் செலவிட்டுக் கொணர்ந்த நீர் தன் பயனை இழக்கும். குழாயில் மின்விசைப் பொறி இணைத்து ஒருவர் மிகுதியாக இழுத்துக் கொள்வாராயின், தெருக்கோடியில் உள்ள வீட்டார் மீண்டும் பழைய கைப்பம்பையே நாடுவர். பழைய நீரே சுவையுடையது என்று புதுநீரைத் துணி துவைக்கப் பயன்படுத்தும் வீட்டில், குழவியின் பற்கள் காக்கப்படா. காவிரியை மேடேற்றுதல் அரசின் செயல். அதனைக் குழவியின் வாய்வரை கொண்டு சேர்த்தல் வீட்டாரின் செயல். இடையில் உள்ள தெருவும் தொட்டியும் ஊராரின் பொறுப்பு. இம்மூன்றனுள் ஒன்று தவறினும் கரையில் ஓர் உடைப்பு உண்டாயிற்று என்க.

இவ்விடத்துத் தண்டியடிகளை நினைத்தல் வேண்டும். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர் அவர். திருவாரூர்த் திருக்குளம் இடம் சுருங்கியது கண்டு உள்ளம் நொந்து, அதனை அகழத் துணிந்தார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டனையும் கயிற்றால் இணைத்தார். அக்கயிற்றைத் தடவிக் கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். அக்கயிற்றைத் தடவிக் கொண்டே ஏறி மண்ணைக் கொட்டினார். எள்ளினார் பலர், அவர் தளரவில்லை. ஊர் செய்ய வேண்டிய பணியையும் ஒருவர் தொடங்கலாம் என்பதற்கு அவர் சான்று. புளோரைடும் கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவே இப்பொருளில் கண்ணுடையார் யாவரும் கண்ணிலார் போல்வரே. அவர்க்கு வேண்டுவது ஒரு கயிறு. நீர் ஆய்வே அக்கயிறு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைக் கொடுத்து அதன் அளவை அறியலாம். அளவறியாது அஞ்சுதலும் வீண். அளவறியாது பருகுதலும் தீது.

குடமுழுக்கு முடிந்தபின் நாற்பத்தெட்டு நாள் மண்டல வழிபாடு நிகழும். அந்நாற்பத்தெட்டு நாளிலும் திருப்பணிக் குழுவினர் இக்கயிற்றைக் கட்டி முடிப்பாராயின் அதுவும் திருப்பணியே. முதற்கண் இத்திருக்கோயிற் கிணற்று நீரை ஆய்தல் வேண்டும். அடியார்க்கு ஊட்டும் அன்னத்தில் சேர்வதும், தீர்த்தமாக வழங்கப்படுவதும் தூய நீர்தானா என்று அறியாமல் அறம் செய்தல் எங்ஙனம் முறையாகும்? அடுத்து, தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, அத்தெருவின் கைப்பம்பு நீரையும் குழாய் நீரையும் ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். வரம்பு கடந்த நீருடைய கைப்பம்புக்குச் செந்நிறம் பூசிடுக. கற்றாரும் கல்லாரும் அதனைக் கண்டு குடிக்காது விலகுவர். தொட்டியில் நீர் கலப்பதை ஊராட்சியாரிடம் ஊரே திரண்டு சென்று முறையிடுக; தனியொருவர் மனு தாளாகும், ஊரார் மனு குரலாகும். இம்மண்ணின் கேழ்வரகும், கீரையும், பாலும், நெல்லிக்கனியும் குழவிகளின் உணவில் இடம்பெறுக. இவை நோயைத் தடுக்க ஓரளவு துணை புரிவன. எனினும் நல்ல நீருக்கு ஈடாகமாட்டா.

நெல்லிக்கனி என்றவுடன், இத்தகடூரை ஆண்ட அதியமானை நினையாதார் யார்? பெறற்கரிய கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் அவன். அஃது ஒருவர் ஒருவர்க்குச் செய்த ஒப்பற்ற கொடை. கனி ஒன்று, ஆகவே கொள்வாரும் ஒருவரே. நீரோ அத்தகையதன்று, ஊரார் அனைவர்க்கும் ஒருங்கே கொடுத்தாலன்றி அது முழுக்கொடை ஆகாது. அதியமானின் ஈகை நெஞ்சும், வைகைக் கரையில் பங்கு வகுத்த முறையும், அம்முறையின் குறையை நிறைத்த பெருமானின் கருணையும் ஒன்று சேர்தல் வேண்டும்.

இத்திருக்கோயிலின் திருப்பணி ஒருவரால் முடிந்ததன்று. ஆயினும் ஒவ்வொருவராலும் முடிந்தது. மண் சுமந்தவரும், பொருள் ஈந்தவரும், வீடுதோறும் சென்று இரந்து கொணர்ந்தவரும் தத்தம் பங்கை அடைத்தனர்; கோபுரம் உயர்ந்தது. கோபுரத்தை உயர்த்திய கைகளுக்கு ஊர் நீரைத் தூய்மை செய்தல் அரிதன்று. வந்தியின் பங்கு இன்னும் ஊர்தோறும் திறந்து கிடக்கின்றது. அதனை அடைக்கக் கூடை எடுப்பார் தோளில், அன்று மண் சுமந்த பெருமானின் திருவருள் வந்து பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

மழை வழாது பெய்க, ஏரிகள் நிறைக, குழவிகள் வாய்விட்டு நகைக்க, முதியோர் நிலமுற வீழ்ந்து வணங்குக, எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்